வலது ஓரத்தில் உட்கார்

காலையில் பாறைக்குள் இறங்குமுன் நான்தான் கழற்றினேன்.
முன்சக்கரங்கள் இரண்டையும் பிணைத்திருக்கும் கம்பி.
ஸ்வே பார் என்பார்கள். பார்க்க ஒன்றுமில்லை,
கட்டைவிரல் தடிமனில் எஃகு, இரு முனையும் வளைந்தது.
ஒரு சக்கரம் மேடேறினால் மற்றதையும் இழுக்கும்,
"எங்கே கிளம்பிவிட்டாய், தனியாக?" என்று.
தார்ச்சாலையில் அது வேண்டும்.
பாறையில் வேண்டாம்;
அங்கே அவரவர் பள்ளத்தை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பின்களையும் சோடா டம்ளர் வைக்கும் குழியில் போட்டேன்.
ராய்ஸ் பேசவில்லை. நானும்தான்.

கூரைக்கென்று எடுத்துவைத்த பணம்
நான்கு அங்குலமாக ஜீப்புக்கு அடியில் நின்றிருந்தது.
பனி உருகிய மார்ச்சில்
எங்கள் சமையலறையில் மூன்று வாளிகள்.
இவர் வண்டியை உயர்த்தினார்.
உயர்த்தியதும் கம்பிக்குக் கை எட்டவில்லை.
நீளமான இணைப்பு வாங்கியது
பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் என் சம்பளம்.

சரி, பொய் சொல்லக்கூடாது.
அந்தச் செம்பாறையில் வண்டி ஏறிய அழகு!
ஒரு சக்கரம் இடுப்பளவு கல்லின்மேல்,
அதன் ஜோடி மணற்குழியில்,
நான்கில் ஒன்றுகூடத் தரையை விடவில்லை.
நான் கைப்பிடியை விடவில்லை.
அற்புதம் என்று வாய்வரை வந்ததை
ஒரு மடக்குச் சோடாவோடு விழுங்கினேன்.

மாலையில் தார்ச்சாலை.
"அறுபது மைல்தானே, மெதுவாகப் போய்விடலாம்."
பகல் முழுக்க அவர் பேசியது இவ்வளவுதான்,
அதுவும் கண்ணாடியைப் பார்த்து.
முதல் வளைவிலேயே வண்டியின் உடம்பு
வெளிப்பக்கமாகச் சரிந்தது,
மார்ச் மாத வாளி தளும்புவது போல.
அவர் திருப்பிய பிறகும் அது திரும்பி முடிக்கவில்லை.
எதிரே ஒரு லாரி விளக்கடித்து, ஒலியெழுப்பி,
காற்றை எங்கள்மேல் வாரி எறிந்துவிட்டுப் போனது.
குழிக்குள் பின்கள் இரண்டும்
கிலுங் கிலுங்கென்று சிரித்தன.

ஓரங்கட்டினோம். சாய்வான மண்.
சாய்வில் அது மாட்டாது,
கம்பி முறுக்கிக்கொண்டு நிற்கும்,
சுத்தியலால் அடித்தால் துளைதான் கெடும்.
சமதரை வேண்டும்.
அந்தப் பள்ளத்தாக்கில் மட்டமான இடம்
தேவாலயத்தின் கார் நிறுத்துமிடம் ஒன்றுதான்.
செவ்வாய்க்கிழமை இரவு, யாருமில்லை,
தெளிப்பான் மட்டும் யாருக்கோ புல்லை நனைத்துக்கொண்டிருந்தது.

இடது பக்கம் உடனே சேர்ந்தது.
வலது பக்கம் அரை விரல் இடைவெளி.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தேன்.
தள்ளினேன், திட்டினேன்.
மேலே ஒரு ஜோடி பூட்ஸ், அசையாமல்.

டார்ச்சை எடுத்துவிட்டுச் சொன்னேன்:
"பம்பரில் உட்கார். வலது ஓரத்தில்."
உட்கார்ந்தார்.
"இன்னும் ஓரமாக."
நகர்ந்தார்.
ஸ்பிரிங் முனகியது. ஒரு மயிரிழை இறங்கியது.
இத்தனை வருஷம் ரொட்டியும் உருளைக்கிழங்கும்
இவருக்குப் போட்டது
இந்த ஒரு மயிரிழைக்குத்தானா என்று நினைத்தேன்.
பின் உள்ளே போனது.
டிக்.

"எழுந்துகொள்ளவா?"
"கொஞ்சம் இரு."

கிளிப் மாட்ட ஒரு நொடி போதும்.
நான் மூன்று நிமிடம் எடுத்தேன்.
என் நெற்றிக்கு மேலே
அவருடைய எடை முழுதும்.
தெளிப்பான் ஒருமுறை எங்கள் பக்கமும் வந்துபோனது.

மறுபடி சாலை. இப்போது நான் ஓட்டினேன்.
வேலி, மான் பலகை, வேலி.
"லவாரின் மகன் கூரை வேலை செய்கிறானாம்,
தவணையில் கேட்டால் ஒப்புக்கொள்வான்" என்றார்,
இம்முறையும் கண்ணாடியைப் பார்த்துத்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
வளைவு வந்தது.
வண்டி கொஞ்சமாகச் சாய்ந்து, நின்று, நிமிர்ந்தது.
கொஞ்சம் சாயத்தான் செய்யும்.
நான்கு அங்குலம் உயர்த்தியது.